சூப்பர் என்றால் படம் இல்லை

விளையாட்டு விழாக்களில் எங்கள் மாமா எடுத்த படங்களைவிட எடுக்காத படங்கள்தான் அதிகம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் தொழிலே அப்படித்தான் நடந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மந்தைவெளியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் எங்களோடுதான் இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கல்யாணப் படம் எடுக்கத் தெருவுக்குத் தெரு ஸ்டுடியோ வந்துவிட்டது, வீடியோக்காரர்களும் வந்துவிட்டார்கள். மாமாவிடம் இருந்தது யாரோ உபயோகித்து விற்ற கேமரா ஒன்று, அதன் தலையில் மாட்டுகிற ஃப்ளாஷ் ஒன்று, அவ்வளவுதான். கல்யாண வீடுகளில் அவரை யாரும் கூப்பிடவில்லை. அதனால் யாரும் போகாத இடத்துக்கு அவர் போனார். மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சைக்கிளில் சுற்றுவார். பி.டி. மாஸ்டர்களைப் பிடித்து, ஸ்போர்ட்ஸ் டே எந்தச் சனிக்கிழமை என்று கேட்டு வைத்துக்கொள்வார். பிள்ளை ஓடுகிற படம், எகிறி மணலில் விழுகிற படம், கப் வாங்குகிற படம். கழுவிக் கொண்டுபோய் வீட்டில் காட்டினால் எந்தத் தாய்தான் வேண்டாம் என்பாள்?

"கல்யாணம் ஒரு வாட்டிதான்க்கா. ஸ்போர்ட்ஸ் டே வருசா வருசம் வரும்" என்று அம்மாவிடம் சொல்லுவார்.

"முதல்ல உனக்கு அந்த ஒரு வாட்டி வரட்டும்டா" என்பாள் அம்மா.

நான் அவரோடு போனதற்குக் காரணம் அம்மாதான். மாமாவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. சிரித்துக்கொண்டே யார் கேட்டாலும் படத்தைச் சும்மா கொடுத்துவிடுவார். டீச்சர்கள் கேட்டால் கேட்கவே வேண்டாம். நான் அப்போது கார்ப்பரேஷன் பள்ளியில் அஞ்சாவது முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். ஆறாவதுக்கு வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும், அது தூரம். கைக்குழந்தையாகத் தம்பி வேறு. படித்தது போதும் என்றார்கள். எனக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. அதனால் சனிக்கிழமைகளில் அம்மா வீட்டில் இருக்கும்போது என்னை மாமாவுடன் அனுப்பிவிடுவாள்.

"கூடவே இரு. எந்த டீச்சரம்மாவாவது சிரிச்சாங்கன்னா இவன் கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்துடு."

நான் யாரோடும் பேசமாட்டேன். யாராவது பெயர் கேட்டால் மாமாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். என்னால் ஒரு டீச்சரையும் தடுக்க முடியவில்லை. ஆனால் என் கையெழுத்து மாமாவின் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது. அதனால் ஒரு நோட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார்.

எழுதுவதில்தான் விஷயமே இருந்தது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம்தான் எடுக்கலாம். பிள்ளைகளோ நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். "அண்ணா என்னை ஒண்ணு, அண்ணா என்னை ஒண்ணு" என்று மொய்ப்பார்கள். எடுக்க மாட்டேன் என்றால் அழுவார்கள், பி.டி. மாஸ்டர் முகம் சுளிப்பார். எல்லோரையும் எடுத்தாலோ ஃபிலிம் வாங்கக் கட்டாது. மாமாவின் ஃப்ளாஷுக்கு முதுகில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் ஃப்ளாஷ் மட்டும் பளிச்சென்று அடிக்கும். கேமராவுக்குள் ஒன்றுமே நடக்காது. பட்டப்பகலில் ஃப்ளாஷ் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. வெளிச்சம் வந்தால்தான் படம் எடுத்ததாக ஜனங்கள் நம்பினார்கள்.

மாமா முதலில் பிள்ளையின் காலைப் பார்ப்பார். கேன்வாஸ் ஷூ போட்டிருந்தால் அந்த வீட்டில் படம் வாங்குவார்கள். அதற்கு "ரெடி!" என்று சொல்லி நிஜமாகவே எடுப்பார். வெறுங்கால் என்றால் "சூப்பர்!" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்குவார். ரெடி என்று காதில் விழுந்தால் நான் பிள்ளையின் மார்பில் குத்தியிருக்கும் நம்பரையும் வகுப்பையும் நோட்டில் எழுத வேண்டும். சூப்பர் என்று விழுந்தால் எழுதுவதுபோலப் பென்சிலை ஆட்டினால் போதும்.

ஒரு தடவை கேட்டேன். "பாவம் இல்லியா மாமா?"

"அது எவ்ளோ சந்தோசமா போவுது பாரு. வுடு" என்றார்.

நானும் வெறுங்காலோடுதான் நின்றுகொண்டிருந்தேன். அது அப்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு சனிக்கிழமை, மயிலாப்பூரில் ஒரு பள்ளியின் ஸ்போர்ட்ஸ் டே. பெரிய பையன்களின் நூறு மீட்டர் ஓட்டம். எட்டுப் பேர் நின்றார்கள். ஏழு பேர் காலில் ஷூ. கடைசியாக நின்றவன் மட்டும் வெறுங்காலன். அரைக்கால் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்திமாதிரி நின்றது. விசில் அடித்ததும் அவன் ஓடவில்லை, எங்கேயோ மேலே போய்க்கொண்டிருந்தான் என்றுதான் எனக்குப் பட்டது. மற்ற ஏழு பேரும் தரையில் ஓடினார்கள். அவன் நெஞ்சில் கயிறு பட்டு அறுந்தபோது பக்கத்தில் ஒருத்தரும் இல்லை.

மாமா "சூப்பர்!" என்றார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது.

அந்த வார்த்தை என் காதில் விழுந்தது. ஆனால் கைக்குப் போகவில்லை. நான் அவனையே பார்த்துக்கொண்டு அவன் நம்பரை எழுதிவிட்டேன், வகுப்போடு.

திங்கட்கிழமை மாமா என் நோட்டைப் பார்த்துச் சீட்டுகள் எழுதினார். 'உங்கள் பிள்ளையின் புகைப்படம் தயார்' என்று எழுதி, கீழே எங்கள் விலாசம். அதைப் பள்ளியில் கொடுத்து வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளிடம் சேர்த்துவிடுவது வழக்கம். முப்பத்தாறு இருக்க வேண்டிய சீட்டு முப்பத்தேழு இருந்தது. அவர் எண்ணவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு அம்மா வந்து நின்றாள். கையில் சீட்டு.

"போட்டோகாரரு வூடு இதானே? எம்புள்ள படம் ரெடியாமே. பெர்சா போட்டுக் குடு நைனா, கண்ணாடி போட்டு மாட்டணும்."

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பெரிய சைஸ் கேட்டு யாரும் அதுவரை வந்ததில்லை. கவரைப் பிரித்து ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். முழுதும் தள்ளியாயிற்று. சீட்டில் இருந்த நம்பரை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிள்ளையை வைத்திருக்கிறவளை அடிக்க மாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

"அது வந்தும்மா... ரோல்ல கொஞ்சம் வெளிச்சம் பூந்துடுச்சு. உங்க புள்ள படம் மட்டும் கறுப்பாப் போச்சு."

"வெளிச்சம் பூந்தா வெளுப்பாத்தானே ஆவணும்?" என்றாள் அந்த அம்மா.

மாமா மறுபடியும் கவருக்குள் கையை விட்டுத் தேடினார்.

"துணி குடுக்கப் போவசொல்ல மூணாவது மாடி வூட்டுல பார்த்தேன். அந்தப் புள்ள ரெண்டாவது வந்துச்சு, அது படம் ஜோரா கீது. மொதல்ல வந்தவன் படம் எப்படி கறுப்பாவும்? அவன் மூஞ்சில பளிச்சுன்னு வெளிச்சம் அடிச்சுதே, கேட்டாண்ட நின்னு நானே பார்த்தேனே!"

அவள் லஸ் பக்கம் ஒரு மரத்தடியில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிறவள். ஓடின பையன் அவள் மகன்தான்.

"சரி, உனக்கும் தெரியலன்னா வுடு. பி.டி. சாரு பேண்டு நம்மாண்டதான் இஸ்திரிக்கு வருது. நாளைக்குக் குடுக்கப் போவசொல்ல அவராண்ட கேட்டுப் பார்க்குறேன்."

அவள் மிரட்டவில்லை. வெள்ளை மனசோடுதான் சொன்னாள். ஆனால் மாமாவுக்கு வேர்த்துவிட்டது. அந்த பி.டி. மாஸ்டர், "ஒரே ஒரு பேரண்ட் கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் நீ கேட்டுக்குள்ளயே வரக் கூடாது" என்று முன்பே சொல்லிவைத்தவர். எல்லாப் பள்ளி பி.டி. மாஸ்டர்களும் ஒருவருக்கொருவர் சிநேகிதர்கள். இங்கே ஒரு கேட் மூடினால் அடையாறில் மூடும், தி. நகரில் மூடும்.

"உக்காரும்மா, உக்காரு. தண்ணி குடி" என்றார் மாமா.

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினாள்.

"அவங்கப்பன் பெங்களூர்ல லாண்டரி கடைல கீறான். வர்ற வாரம் வர்றான். படிச்சி இன்னா கிழிக்கப் போறான், எங்கூட இட்டுகினு போறேன்றான். இவன் ஓடுற ஓட்டத்துக்கு வேற பெரிய ஸ்கூல்ல சேர்த்துவுடறேன்னு பி.டி. சாரு சொல்லிக்கீறாரு. நான் சொன்னா அந்த மன்சன் நம்ப மாட்டான். கண்ணால ஒரு வாட்டி பார்த்துட்டா வாய மூடிப்பான். அதான் பெர்சா கேட்டேன்."

மாமா அவள் கையிலிருந்த சொம்பை வாங்கி வைத்தார்.

"மறுபடியும் எடுத்துடலாம்மா. ஞாயித்துக்கெழம காலைல. அதே மாதிரி ஓடவுட்டு, அதே மாதிரி கயிறு கட்டி."

அவள் யோசித்தாள். "அவன் ஓடினது மெய்தானே?"

"மெய்தாம்மா."

"ஜெயிச்சது?"

"அதுவும் மெய்தான்."

"அப்போ இன்னொரு வாட்டி ஓடட்டும். அதுல இன்னா பொய் கீது?"

அவள் போனதும் மாமா நோட்டால் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். "சூப்பர்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு எழுதின?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா உள்ளேயிருந்தே குரல் கொடுத்தாள். "காலி டப்பாவ ஆட்டிக் காமிச்சவன் நீ. அடி அவளுக்கா?"

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் பிடித்து அடையாறு பக்கம் ஒரு கார்ப்பரேஷன் மைதானத்துக்குப் போனோம். மயிலாப்பூரில் வைத்துக்கொண்டால் பி.டி. மாஸ்டர் பால் வாங்க வரும்போது பார்த்துவிடுவார் என்று மாமாவுக்குப் பயம். ஓட்டப் பாதைக்கு வெள்ளைக் கோடு வேண்டுமே, அதற்கு அம்மாவின் கோலமாவு டப்பா வந்தது. நெஞ்சில் படுகிற கயிற்றுக்கு என்னுடைய பள்ளிக்கூட ரிப்பன்கள் இரண்டை முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். அவை சும்மாதானே கிடந்தன. அந்த அம்மா பெரிய துணிமூட்டையோடு வந்தாள். உள்ளே வெள்ளைச் சட்டையும் வெள்ளை நிக்கருமாக, சூடு ஆறாத இஸ்திரி.

"எல்லாம் வாடிக்கை வூட்டுத் துணிடா. மண்ணுல வியுந்தீங்கன்னா தோல உரிச்சிடுவேன். நாளைக்குக் குடுக்கணும்."

பின்னால் ஓடுவதற்கு நாலு பையன்கள் என்று ஏற்பாடு. இஸ்திரி வண்டித் தெருப் பிள்ளைகள். ஒருவனுக்குக் காய்ச்சல், வரவில்லை. மூன்று பேர் ஓடினால் படம் வெறிச்சென்று இருக்கும் என்றார் மாமா. சுற்றிலும் பார்த்தார். நான்தான் இருந்தேன்.

வெள்ளைச் சட்டை எனக்கு முழங்கால்வரை வந்தது. பின்னலைச் சுருட்டித் தொப்பிக்குள் திணித்தார்கள். "ஓரமா, கடைசியா ஓடி வா. படத்துல பாதிதான் தெரிவே. பொண்ணுன்னு தெரியக் கூடாது, தலையக் குனிஞ்சிக்கோ" என்றார் மாமா. நான் தலையாட்டினேன். ஏற்கெனவே ஒரு தப்புச் செய்தவள், சொன்னபடி செய்துவிட வேண்டும் என்பதைத் தவிர என் மனசில் வேறொன்றும் இல்லை.

முந்தின நாள் வேறொரு பள்ளியில் எடுத்த ரோல்தான் கேமராவில் இருந்தது, அதில் மிச்சம் மூன்று படம். இன்னொரு ரோல் வாங்க அவரிடம் வழியில்லை.

"யாரும் அவனத் தாண்டக் கூடாது. புரியுதா?"

"நாங்க இன்னாத்துக்குண்ணே தோக்கணும்?" என்றான் ஒரு குண்டுப் பையன்.

"தோத்தா கோலி சோடா. ஜெயிச்சா ஒண்ணும் கெடையாது."

"அப்போ நான் ஃபர்ஸ்ட்டா தோக்குறேன்."

ரிப்பனின் ஒரு நுனி கம்பத்தில், மறு நுனி அந்த அம்மாவின் கையில். மாமா கேமராவைக் கண்ணிலும் விசிலை வாயிலும் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

முதல் ஓட்டத்தில் பையன் கயிற்றுக்கு நாலடி முன்னால் கேமராவைப் பார்த்து நின்று சிரித்துவிட்டான். அந்தப் படம் போயிற்று. இரண்டாவது ஓட்டத்தில் தோற்பதில் போட்டி வந்துவிட்டது. குண்டுப் பையன் நடந்தே வந்தான், இன்னொருவன் அவனுக்குப் பின்னால் போவதற்காகத் திரும்பி ஓடினான். இஸ்திரிக்கார அம்மாவே சிரிப்பு தாங்காமல் ரிப்பனை விட்டுவிட்டாள். அதுவும் போயிற்று.

மாமா விசிலைத் துப்பினார். "டேய், இன்னும் ஒண்ணுதான்டா கீது! என் பொழப்புடா அது!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிப்பனை இறுக்கிப் பிடித்தாள்.

ஓடுகிற பையன்தான் பேசினான். "பொய்யா ஓடினா எனக்குக் காலே வர மாட்டேன்துண்ணே. இவங்கள மெய்யாலுமே ஓடச் சொல்லு. யாரும் என்னைப் புடிக்க முடியாது."

மாமா மூன்று பையன்களையும் பார்த்தார். அவர்களால் முடியாது என்று அவருக்கும் தெரிந்திருக்கும். "சரி. எல்லாரும் நல்லாவே ஓடுங்க" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் என்றுதான் சொன்னார்.

விசில் அடித்தது.

தலையைக் குனிந்துகொண்டுதான் ஓடினேன். அதனால் எனக்கு யாரும் தெரியவில்லை. கோலமாவுக் கோடு மட்டும் தெரிந்தது, அது காலுக்குக் கீழே சரசரவென்று பின்னால் போனது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அந்தச் சத்தமும் பின்னால் போய்விட்டது. காது இரண்டிலும் காற்று. தொப்பி எங்கே விழுந்தது என்று தெரியாது. நெஞ்சில் ஏதோ மெத்தென்று பட்டது. குனிந்து பார்த்தால் என் ரிப்பன்.

கேமரா க்ளிக்கென்றது. மாமா அடுத்த படத்துக்கு லீவரைத் தள்ளிப் பார்த்தார். அது நகரவில்லை. ரோல் முடிந்துவிட்டது.

பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். மாமா மெல்ல எழுந்து வந்தார்.

"உன்னை யாருடி முன்னாடி வரச் சொன்னது?"

நான் ஓடிப்போய்க் கம்பத்துக்குப் பின்னால் நின்று அழுதேன். இரண்டாவது தடவையும் நான்தான் கெடுத்துவிட்டேன். மாமாவின் பிழைப்பு போயிற்று, அந்தப் பையன் பெங்களூர் போகப்போகிறான். இஸ்திரிக்கார அம்மா வந்து, என் பின்னல் அவிழ்ந்து தொங்கியதை எடுத்து முடிந்துவிட்டாள். "அய்வாத, தா. மூச்சு வாங்குது பாரு உனக்கு" என்று முதுகைத் தடவினாள்.

மறுநாள் மாமா தி. நகரில் லேபுக்குப் போய்விட்டு வரும்போது சைக்கிள் மணியைத் தெருமுனையிலிருந்தே அடித்துக்கொண்டு வந்தார். லேபில் இருந்தவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் பெரிதாகப் போடலாமே என்றாராம். அப்படியே போட்டுக் கொடுத்துவிட்டார். நான் அரையடிதான் முன்னால் இருந்திருக்கிறேன். என்னை வெட்டியெடுத்ததும் ரிப்பன் அவன் நெஞ்சுக்கு நேராக வந்துவிட்டது. பையன் வாயைத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்க, இரண்டு கையும் காற்றைப் பிடுங்குகிற மாதிரி, காலே தரையில் இல்லாமல் இருந்தான். ஸ்போர்ட்ஸ் டேயில்கூட அவன் அப்படி ஓடவில்லை. அன்றைக்கு அவனுக்கு முன்னால் யாரும் இல்லை.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும் மிச்சமிருந்தது.

"இது யார் கையிடா?"

"உம்பொண்ணுதுதான். நல்லா ஓடுறாக்கா அவ."

"தெரியுமே. ரேஷன் கடைக்கு அனுப்பினா அனுப்பின சூட்டோட வந்து நிப்பா" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்க்கப் போனாள்.

படத்தை வாங்க அந்த அம்மா மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்தானையால் ஒரு முறை துடைத்துப் பார்த்தாள், அப்புறம் இன்னொரு முறை. "இனிமே வரட்டும் அந்த மன்சன்" என்றாள். அவன் அப்பா வந்ததும், பார்த்ததும், தனியாகவே பெங்களூர் திரும்பிப் போனதும் பிறகு காதில் விழுந்தது. பி.டி. மாஸ்டரின் பேண்ட் வழக்கம்போல இஸ்திரியாகிப் போனது. மாமாவும் வழக்கம்போல எல்லாக் கேட்டுக்குள்ளும் போய்வந்தார்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் நான் நின்ற மூலைக்கு வந்தான். எனக்கு உயிரே போய்விட்டது. மாமாவின் முதுகும் பக்கத்தில் இல்லை.

"ஏய், நீ எந்த ஸ்கூலு?" என்றான்.

எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நாலு நாளாக மனசில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "தெரியாம முன்னாடி வந்துட்டேன். இனிமே வர மாட்டேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் தம்பி அழுதான், நான் உள்ளே போய்விட்டேன். ஒருவழியாக மன்னிப்புக் கேட்டாகிவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. நாலு நாளாக இறங்காத சோறு அன்றைக்கு இரண்டு தட்டு இறங்கியது.